பூ இருக்கு, காம்பு இல்லை: பூங்கொத்துத் தோட்டத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

செடி முழுக்கப் பூ. சரி, ஒரு பூச்சாடியை நிரப்பலாம் என்று கத்தரிக்கோலோடு போனால் நாலு பூகூடத் தேறாது. காம்பு விரல் நீளம்தான் இருக்கும், இல்லாவிட்டால் கோணலாக வளைந்திருக்கும், அதுவும் இல்லாவிட்டால் வெட்டி வைத்த மறுநாளே தலை தொங்கிவிடும். பார்த்து ரசிப்பதற்கு வளர்க்கும் தோட்டமும் வெட்டி எடுப்பதற்கு வளர்க்கும் தோட்டமும் ஒன்று என்று நினைப்பதால்தான் இந்தக் குறைகளில் பாதி வருகின்றன. வெட்டும் தோட்டம் கீரைப் பாத்தி மாதிரி. அறுத்தால்தான் அது மறுபடி தழைக்கும். அங்கே நாம் விளைவிப்பது நீளமான, நேரான, உறுதியான காம்பை.

விதை வாங்கும்போதே கோட்டை விடுபவர்கள் நிறைய. பாக்கெட்டில் உள்ள படத்தைப் பார்க்கிறோம், பின்பக்கம் போட்டிருக்கும் செடியின் உயரத்தைப் படிப்பதில்லை. ஜீனியாவில் ‘ப்ரொஃப்யூஷன்’ வகை ஒன்றரை அடியைத் தாண்டாது; தொட்டிக்கும் பாத்தி ஓரத்துக்கும் அது அழகு. ‘பெனாரிஸ் ஜயன்ட்’ மூன்றடிக்கு மேல் போகும். செண்டுமல்லி, கோழிக்கொண்டை, வாடாமல்லி எல்லாவற்றிலும் இப்படிக் குட்டை ரகமும் நெட்டை ரகமும் உண்டு. குட்டை ரகத்துக்கு எவ்வளவு உரம் கொட்டினாலும் காம்பு நீளாது.

உரம் என்றதும் சொல்ல வேண்டியது, தழைச்சத்தை அள்ளிப் போடுவது பூங்கொத்துத் தோட்டத்துக்கு நல்லதே இல்லை. இலை செழிக்கும், பூ குறையும், காம்பு கொழகொழவென்று ஆகிவிடும். காஸ்மோஸ் இதில் ரொம்ப மோசம். வளம் அதிகமான மண்ணில் ஆள் உயரத்துக்கு வளர்ந்து, பூக்காமல் சாய்ந்து படுத்துக்கொள்ளும். நடும்போது நன்றாக மக்கிய உரத்தை மண்ணில் கலந்துவிட்டாலே பெரும்பாலான ஒருபருவச் செடிகளுக்குப் போதும். அதோடு தினமும் ஆறு மணி நேரமாவது நேரடி வெயில் வேண்டும். நிழலில் வளர்ந்த காம்பு வெளிச்சத்தைத் தேடி வளைந்துதான் வரும். உயரமாக வளரும் செடிக்கு முட்டுக் கொடுப்பதையும் சாய்ந்த பிறகு செய்து பயனில்லை. ஒருமுறை சாய்ந்த தண்டின் நுனி மேல்நோக்கித் திரும்பிவிடும், அந்த வளைவு அப்படியே நின்றுவிடும்.

செவ்வந்தி வளர்ப்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. இரவு நீண்டால்தான் பெரும்பாலான செவ்வந்தி வகைகள் மொட்டு வைக்கும். வாசல் விளக்கோ தெருவிளக்கோ இரவு முழுக்க மேலே அடித்துக்கொண்டிருந்தால் செடி இலை விட்டுக்கொண்டே இருக்கும். உரத்தையும் மண்ணையும் மாற்றிப் பார்ப்பதற்கு முன் தொட்டியை இரவில் விளக்கு வெளிச்சம் படாத பக்கம் நகர்த்திப் பாருங்கள்.

அப்புறம், நுனி கிள்ளத் தயங்குவது. இளஞ்செடியின் தலையைக் கிள்ள யாருக்கும் மனசு வராது. ஆனால் நுனி மொட்டில் சுரக்கும் ஆக்சின் என்ற வளர்ச்சி ஹார்மோன்தான் பக்கக் கிளைகளை வளரவிடாமல் அடக்கி வைக்கிறது. ஜீனியா, காஸ்மோஸ், செண்டுமல்லி, டாலியா போன்றவை முக்கால் அடியிலிருந்து ஓரடி உயரம் வந்ததும், மூன்று நான்கு இலை ஜோடிகளை விட்டு அதற்கு மேலே கிள்ளிவிட்டால் அடியிலிருந்தே பல கிளைகள் கிளம்பும். முதல் பூ கொஞ்சம் தாமதமாகும், அவ்வளவுதான். எல்லாச் செடிக்கும் இது பொருந்தாது. ஒரு தண்டுக்கு ஒரே பூ தரும் சூரியகாந்தி ரகத்தைக் கிள்ளினால் அந்தப் பூவும் போச்சு. அந்த ரகத்தின் மொத்த விதையையும் ஒரே நாளில் போடுவது இன்னொரு தவறு. எல்லாம் ஒரே வாரத்தில் பூத்து முடிந்துவிடும். ஏழு, பத்து நாளுக்கு ஒரு தடவை கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு வந்தால் தொடர்ந்து பூ கிடைக்கும்.

வெட்டும் இடத்தில் செய்கிற பிழைதான் என் கணக்கில் எல்லாவற்றிலும் பெரியது. பூவுக்குக் கீழே நாலு விரல் விட்டு நறுக்குகிறோம், பக்கத்து மொட்டுகள் வீணாகிவிடுமே என்ற பயம். அப்படி மேலாக வெட்டினால் மேல் கணுக்களிலிருந்து மெலிந்த, குட்டையான கிளைகள்தான் வரும், அடுத்த தடவை காம்பு இன்னும் சிறுத்திருக்கும். ஜீனியா மாதிரிச் செடிகளில் கையை நன்றாக உள்ளே விட்டு, அடிப்பக்கத்துக் கணு ஒன்றுக்குச் சற்று மேலே வெட்டுங்கள். இரண்டு மூன்று மொட்டு போனால் போகட்டும். கீழிருந்து கிளம்பும் புதுக் கிளை நீளமாக வரும். இதற்கும் விலக்கு உண்டு. கிளாடியோலஸில் குறைந்தது நான்கு இலையாவது செடியில் நிற்க வேண்டும், அடுத்த பருவத்துக்கான கிழங்கு அதை வைத்துத்தான் பருக்கும். ரோஜாவிலும், புதிதாக நட்ட செடியில் நீளக் காம்புக்கு ஆசைப்பட்டால் செடி இளைத்துவிடும்.

எவ்வளவு மலர்ந்த நிலையில் வெட்டுவது என்பது பூவுக்குப் பூ மாறும். ரோஜாவை வெளி இதழ் பிரியத் தொடங்கும்போது எடுக்கலாம். இறுக்கமான மொட்டாக எடுத்தால் விரியாமலே கழுத்து ஒடிந்து தொங்கும். கிளாடியோலஸ், சம்பங்கி இரண்டிலும் அடிப்பூ ஒன்றிரண்டு மலர்ந்தால் போதும், மற்றவை சாடியில் ஒவ்வொன்றாக மலரும். சூரியகாந்தியில் இதழ்கள் நடு வட்டத்தைவிட்டு நிமிரத் தொடங்கும் நேரம் சரியானது. டாலியாவும் ஜீனியாவும் இதற்கு நேர் எதிர். வெட்டிய பிறகு அவை மேற்கொண்டு அதிகம் விரியாது, அதனால் நன்றாக மலர்ந்த பிறகே எடுக்க வேண்டும். ஜீனியாவுக்கு ஓர் எளிய சோதனை உண்டு. பூவுக்கு அரை அடிக்குச் சற்றுக் கீழே காம்பைப் பிடித்து லேசாக ஆட்டிப் பாருங்கள். கழுத்து துவண்டு ஆடினால் இன்னும் ஓரிரு நாள் பொறுக்கணும். விறைப்பாக நின்றால் வெட்டலாம். ஜீனியா ஒரே நாளில் வாடுகிறது என்று சொல்பவர்களில் பலர் இந்தச் சோதனையைச் செய்வதே இல்லை.

உச்சி வெயிலில் வெட்டாதீர்கள். காலையில் காம்பில் நீர் நிறைந்திருக்கும், அதுதான் நல்ல நேரம். வெட்டியதைக் கையில் அடுக்கிக்கொண்டே தோட்டம் சுற்றினால் காம்பின் குழாய்களில் காற்று புகுந்து நீர் ஏறுவது தடைபடும். வாளித் தண்ணீரைக் கூடவே கொண்டு போங்கள். தண்ணீரில் மூழ்கும் இலைகளை அங்கேயே உருவிவிடுங்கள். வீட்டுக்கு வந்ததும் சாடியில் அடுக்க அவசரப்படாமல், வெயில் படாத குளிர்ந்த மூலையில் சில மணி நேரம் வாளியிலேயே விட்டால் காம்பு நிறைய நீர் குடித்துக்கொள்ளும்.

சாடித் தண்ணீரில் சர்க்கரை மட்டும் போடுவது பிரபலமான யோசனை. சர்க்கரை பூவுக்கு உணவுதான், ஆனால் பாக்டீரியாவுக்கும் அதே உணவு. அவை பெருகிக் காம்பின் வாயை அடைத்துவிடும். கடையில் விற்கும் மலர்ப் பொடியில் சர்க்கரையோடு அமிலமும் கிருமிகொல்லியும் சேர்ந்திருப்பது அதனால்தான். பொடி கிடைக்காவிட்டால் சோப்புப் போட்டுக் கழுவிய சாடி, தினமும் புதுத் தண்ணீர், தண்ணீர் மாற்றும்போது காம்பின் அடியில் சின்னதாக ஒரு வெட்டு, இது போதும். பழக்கூடைக்குப் பக்கத்தில் மட்டும் வைக்காதீர்கள். பழுக்கும் பழம் விடும் எத்திலீன் வாயு கார்னேஷன் போன்ற பூக்களைச் சீக்கிரம் வதக்கிவிடும்.

பெரிய பூக்களை மட்டும் நடுவதும் பலர் செய்வது. பத்து டாலியாவைச் சேர்த்துச் செருகினால் கொத்து ஆகாது, நெரிசல்தான். இடையில் நிரப்பச் சிறுபூக்கள், உயரத்துக்குக் கதிர்ப்பூக்கள், தழைக்குத் துளசி மாதிரி மணமுள்ள இலைகள் என்று பாத்தியில் கணிசமான இடம் ஒதுக்குங்கள். நடும் முன்னே வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்பதையும் யோசிக்கணும். அரளியின் எல்லாப் பாகமும் நஞ்சு, குழந்தைகள் கைக்கு எட்டும் சாடியில் அதற்கு இடமில்லை. பூனை வளர்க்கும் வீட்டில் லில்லியே வேண்டாம். அதன் மகரந்தத்தை நக்கினாலும், சாடித் தண்ணீரைக் குடித்தாலும் பூனையின் சிறுநீரகம் செயலிழந்துவிடக்கூடும்.