காற்றுக்கு விலை போட்டவன் சொல்கிறேன்: சொத்து மதிப்பீட்டு வேலையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்ற மாதம் சிங்கப்பூரில் உள்ள எங்கள் அலுவலகத்துக்குப் பயிற்சிக்கு வந்த மாணவர் ஒருவர், ஒரு கூட்டுரிமை (காண்டோ) வீட்டின் மதிப்பை இருபதே நிமிடத்தில் போட்டு என் மேசையில் வைத்தார். பார்த்ததும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. 2014ல் நான் செய்த அதே தவறு, அதே இடத்தில்.

சதுர மீட்டரைச் சதுர அடியாக்க மறப்பது, மாடி எண்ணை மாற்றி எழுதுவது போன்றவற்றை இங்கே சொல்லப்போவதில்லை. மேலதிகாரி ஒருமுறை முறைத்தால் அதெல்லாம் தானாகச் சரியாகிவிடும்.

முகவர் வேலையோடு குழப்பிக்கொள்வது

தேக்காவில் என்னைப் பார்க்கும் மாமாக்கள் இன்றும் கேட்கிறார்கள்: "வீடு வித்துக் குடுக்கிற வேலைதானே தம்பி? கமிஷன் எவ்வளவு?" இல்லை மாமா. விற்றால்தான் முகவருக்குத் தரகு. மதிப்பீட்டாளருக்கு விலை ஏறினாலும் இறங்கினாலும் அதே கட்டணம்தான். சந்தை சூடாக இருக்கும்போது முகவர் நண்பர் புதுக் கார் வாங்குவார், நீங்கள் எம்ஆர்டி ரயிலில்தான் போவீர்கள். இதைத் தாங்க முடியாமல் இரண்டே ஆண்டில் போனவர்கள் எனக்குத் தெரிந்தே நாலு பேர். போதாததற்கு, சொந்தமாகக் கையெழுத்திட உள்நாட்டு வருவாய் ஆணையத்தின் உரிமம் வேண்டும். படிப்பு மட்டும் இருந்தால் அது கிடைக்காது. அனுபவமும் சேர வேண்டும்.

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளை நம்பி வருவது

முன்பெல்லாம் மறுவிற்பனை வீட்டுக்கு முதலில் மதிப்பீடு, அப்புறம் அதற்குமேல் எவ்வளவு ரொக்கம் என்று பேரம். 2014 மார்ச்சில் அது தலைகீழானது. விலையைப் பேசி முடித்த பிறகுதான் மதிப்பைக் கேட்க முடியும். 2018ல் புதிய இணையவாசல் வந்தபின், பேசிய விலையையே கழகம் ஏற்றுக்கொண்டால் மதிப்பீட்டாளர் வீட்டு வாசலை மிதிக்கவே தேவையில்லை. ஒரே அச்சில் வார்த்த வீடுகள், ஏராளமான விற்பனைப் பதிவுகள். இதற்குக் கணினி போதும், அதில் எனக்கு வருத்தமும் இல்லை.

வேலை வேறு பக்கம் இருக்கிறது. சொத்து முதலீட்டு அறக்கட்டளைகள் (ரீட்) தங்கள் கட்டடங்களை ஆண்டுதோறும் மதிப்பிட்டே ஆகவேண்டும். ஒரே மதிப்பீட்டாளர் ஒரே கட்டடத்தைத் தொடர்ந்து இரண்டு நிதியாண்டுகளுக்குமேல் மதிப்பிடக்கூடாது என்று நாணய ஆணையத்தின் விதி சொல்வதால் வேலை கைமாறிக்கொண்டே இருக்கும். குத்தகை தேய்ந்துகொண்டிருக்கும் துவாஸ் தொழிற்சாலைகள், செரங்கூன் சாலையின் பழைய கடைவீடுகள், முழுக் கட்டடத்தையும் சேர்த்து விற்கும் கூட்டு விற்பனை, சொத்துவரி மேல்முறையீடு என்று இன்னும் இருக்கின்றன. இவற்றில் ஒன்றையாவது கற்றுக்கொள்ளாமல் வங்கிக்கடன் ரிப்போர்ட்டை மட்டும் நம்பினால் சிரமம்தான்.

காற்றுக்கு விலை போடுவது

இதை நினைத்தால் இன்னும் எரிச்சலாக வருகிறது. எரிச்சல் என்மேல்தான்.

பாலஸ்டியர் பக்கம் ஒரு கூட்டுரிமை வீடு. மேல்மாடி. பரப்பு 130 சதுர மீட்டர், அதாவது 1,399 சதுர அடி. வங்கி அதிகாரி தொலைபேசியில் அழைத்து, "சும்மா ஒரு நம்பர் சொல்லுங்க, 1.65 மில்லியன் வருமா?" என்றார். நகர மறுசீரமைப்பு ஆணையத்தின் பதிவுகளைத் திறந்தேன். அதே கட்டடத்தில் கீழ்மாடி வீடுகள் சதுர அடி சுமார் 1,200 வெள்ளிக்குப் போயிருந்தன. பெருக்கினேன். 1.67 மில்லியனுக்கும் மேலே வந்தது. "வரும்" என்றேன்.

வீட்டை வாங்க நினைத்த தம்பதி அந்த ஒரு சொல்லை நம்பி விலையில் 1 விழுக்காடு, 16,500 வெள்ளி, வீட்டைப் பிடித்துவைக்கும் விருப்புரிமைக் கட்டணமாகக் கொடுத்துவிட்டார்கள்.

அப்புறம்தான் வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்ததும் தலையை நிமிர்த்திப் பார்த்தேன். வரவேற்பறையின் கூரை இரண்டு மாடி உயரம். அந்த 130 சதுர மீட்டரில் 30 சதுர மீட்டர் வெறும் வெற்றிடம். நாங்கள் அதை 'வாய்ட்' என்போம். கால் வைக்க முடியாது, கட்டில் போட முடியாது, ஆனால் உரிமைப் பத்திரத்தில் அதுவும் பரப்பு. 323 சதுர அடி காற்றுக்கு, தரைக்குச் சமமாக 3 லட்சத்து 87 ஆயிரம் வெள்ளி போட்டிருந்தேன்.

உயரமான கூரைக்கு மதிப்பே இல்லை என்று சொல்லவில்லை. வெளிச்சமும் காற்றோட்டமும் பிடித்துக் கூடுதலாகக் கொடுப்பவர்கள் உண்டு. ஆனால் அது தரையின் விலை ஆகாது. அதே போன்ற மேல்மாடி வீடுகள் விற்ற விலையைத் தேடி, ஒப்பிட்டு, கடைசியில் 1.38 மில்லியன் என்று எழுதினேன். அந்தச் சமயத்தில் முதல் வீட்டுக்கடனின் உச்சவரம்பு 80 விழுக்காடு (இப்போது 75). விலை, மதிப்பு இரண்டில் எது குறைவோ அதன்மேல்தான் கடன். 1.32 மில்லியன் கிடைக்கும் என்று நினைத்தவர்களுக்கு 1.104 மில்லியன்தான் என்றானது. மிச்சம் 2 லட்சத்து 16 ஆயிரத்துக்கு எங்கே போவார்கள்? வீட்டையும் விட்டார்கள், 16,500 வெள்ளியையும் விட்டார்கள். அந்த அம்மா என்னைத் திட்டவில்லை. "நீங்க பார்த்துட்டுச் சொல்லியிருக்கலாம்ல?" என்று மட்டும் கேட்டார். திட்டியிருக்கலாம்.

எனவே, இரண்டு விஷயங்கள். கட்டடத்தின் மற்ற வீடுகளோடு பரப்பு பொருந்தாமல் பெரிதாகத் தெரிந்தால், நில ஆணையத்தின் இன்லிஸ் தளத்தில் வரைபடத்தைக் காசு கொடுத்து வாங்கிப் பாருங்கள். விற்பனைப் பதிவில் மொத்தப் பரப்பு மட்டும் இருக்கும். அதில் எவ்வளவு தரை, எவ்வளவு காற்று, எவ்வளவு மொட்டைமாடி என்று பிரித்துக் காட்டாது. அடுத்து, 2023 ஜூன் 1 முதல் பரப்பைக் கணக்கிடும் விதி மாறிவிட்டது. அன்றுமுதல் திட்ட அனுமதிக்கு விண்ணப்பித்த கட்டடங்களில் வெற்றிடம் பரப்பில் சேராது. பழைய கட்டடத்தின் சதுர அடி விலையையும் புதியதன் சதுர அடி விலையையும் அப்படியே பக்கத்தில் வைத்து ஒப்பிடுபவர், என்னைப்போலவே காற்றில் கணக்குப் போடுகிறார். இணையத்தில் நொடியில் விலை சொல்லும் கணிப்பான்களும் இந்த மாதிரி வீடுகளில்தான் சறுக்குகின்றன. நமக்குச் சோறு போடுவது அந்தச் சறுக்கல். நாமும் அங்கேயே விழுந்தால் நம்மை எதற்குக் கூப்பிட வேண்டும்?

மேற்கு வெயில்

மேற்கு பார்த்த வீட்டை மாலை நாலு மணிக்குப் போய்ப் பாருங்கள்.

பாலா அட்டவணையைச் சந்தை விலையாக நினைப்பது

மிச்சமிருக்கும் குத்தகை ஆண்டுகளுக்கு ஏற்ப நிலத்தின் மதிப்பைச் சொல்லும் அட்டவணை இது. பெயரைப் பார்த்து நம் ஆள் என்று பெருமைப்பட்டுக்கொள்ளலாம். 60 ஆண்டு குத்தகை மிச்சமிருந்தால் நிரந்தர உரிமை நிலத்தின் மதிப்பில் 80 விழுக்காடு, 30 ஆண்டு என்றால் 60 என்று அது சொல்லும். அது நிலத்துக்கான கணக்கு. வாங்க வருபவர் அட்டவணையைக் கையில் வைத்துக்கொண்டு பேரம் பேசுவதில்லை.

"உங்களுக்கு எவ்வளவு வேணும்?" என்று வாடிக்கையாளரிடம் கேட்பது

கேட்காதீர்கள்.

பயிற்சி மாணவரின் கணக்கிலும் வாய்ட் இருந்தது. வரைபடத்தை எடுத்துக் காட்டியதும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம், "சார், இந்த வேலைக்கு வரலாமா, வேண்டாமா?" என்று கேட்டார். வரும் செவ்வாய்க்கிழமை ஒரு கடைவீட்டை அளக்கப் போகிறேன், கூட வாருங்கள் என்று சொல்லியிருக்கிறேன். பழைய மரப்படி, செருப்பு வேண்டாம், ஷூ போட்டுக்கொண்டு வரவேண்டும் என்றும்.