பெங்களூரிலிருந்து ஹாங்க் ஆரன் கார்டுகளைச் சேர்ப்பது எப்படி

அமெரிக்க பேஸ்பால் ஆட்டக்காரர் ஹாங்க் ஆரனுக்கு, ஆட்டக்காரர்களின் படக் கார்டுகளை வெளியிடும் டாப்ஸ் நிறுவனம் 1954 முதல் 1976 வரை ஒவ்வோர் ஆண்டும் கார்டு போட்டது. ஆண்டுக்கு ஒரு அடிப்படைக் கார்டு என்று கணக்கு வைத்தால் மொத்தம் 23. மில்வாக்கி பிரேவ்ஸ் அணியின் இருபது வயது இளைஞனாகத் தொடங்கி, 1966-இல் அணியோடு அட்லாண்டாவுக்குப் போய், 755 ஹோம் ரன்களோடு (கிரிக்கெட் சிக்ஸர் மாதிரி) மில்வாக்கியிலேயே முடித்த ஒரு வாழ்க்கை அந்த 23 அட்டைகளில் வரிசையாக இருக்கிறது. பெங்களூரில் உட்கார்ந்து சேர்ப்பவர்கள் முதலில் இந்த வரிசையை மட்டும் இலக்காக வைத்துக்கொள்ளுங்கள். ‘ஆரன் பெயர் போட்டது எல்லாம்’ என்று இறங்கினால் முடிவே கிடையாது. இங்கே ஒவ்வொரு பார்சலுக்கும் கப்பல் கூலியும் சுங்கமும் தனித்தனியாக விழும் என்பதால், பாதிப் பணம் கார்டுக்குப் போகாமல் வழிச்செலவுக்கே போய்விடும்.

எங்கிருந்து தொடங்குவது? 1974-இலிருந்து. அந்த ஆண்டு டாப்ஸ் தொகுப்பின் முதல் ஆறு கார்டுகளும் ஆரனுக்கே. 1-ஆம் எண் கார்டு அவரை ஹோம் ரன் மன்னர் என்று அறிவிக்கிறது. அதுவரை சாதனையாக இருந்த பேப் ரூத்தின் 714 ஹோம் ரன்களை அவர் தாண்டியது 1974 ஏப்ரல் 8-ஆம் தேதிதான். டாப்ஸ் அதற்கு முன்பே துணிந்து அச்சடித்துவிட்டது. 2 முதல் 6 வரையிலான கார்டுகளில் 1954 முதல் 1973 வரை வந்த அவருடைய பழைய கார்டுகளின் படங்கள் கார்டுக்கு நான்காக அச்சாகியிருக்கின்றன. 2-ஆம் எண்ணில் 1954–57, 3-இல் 1958–61 என்று போகும். இந்த ஆறும் மலிவாகக் கிடைக்கும். கையில் வைத்துக்கொண்டால் இனி வாங்கப்போகும் ஒவ்வொரு கார்டும் எப்படி இருக்கும் என்பதற்கு டாப்ஸே போட்டுக் கொடுத்த அட்டவணை உங்களிடம் இருக்கும்.

அடுத்து 1976 (கார்டு எண் 550), 1975 (660), 1973 (100), 1972 (299) என்று பின்னோக்கிப் போங்கள். எழுபதுகள் முடிவதற்குள் கண் பழகிவிடும். அறுபதுகளை அவசரமில்லாமல் வாங்கலாம். 1954-ஆம் ஆண்டின் 128-ஆம் எண், அதாவது ரூக்கி கார்டு (ஆட்டக்காரரின் முதல் கார்டு), கடைசியாக வரட்டும். மூலை நைந்த பிரதிக்கே பெரிய தொகை கேட்கிற கார்டு அது. அதை வைத்துப் பாடம் படிக்கக் கூடாது.

வாங்குவதற்கு முன் தெரிந்திருக்க வேண்டிய சில ஆண்டுகள்

1954, 55, 56 ஆகிய மூன்றாண்டுக் கார்டுகளும் அளவில் பெரியவை: 2⅝ அங்குலம் அகலம், 3¾ அங்குலம் உயரம், மில்லிமீட்டரில் ஏறக்குறைய 66.7 × 95.3. 1955, 1956 இரண்டும் படுக்கைவசத்தில் அச்சானவை, அவற்றைத் திருப்பிப் பிடித்து அளக்க வேண்டும். 1957 முதல் இன்று எல்லோரும் அறிந்த 2½ × 3½ அங்குலம், அதாவது 63.5 × 88.9 மில்லிமீட்டர். ‘1954 ஆரன்’ என்று விற்கப்படும் கார்டு 88.9 மில்லிமீட்டர் உயரம்தான் இருக்கிறதென்றால் அது பின்னாளைய மறுபதிப்பு. மேற்கொண்டு ஆராயத் தேவையில்லை.

1956-இன் 31-ஆம் எண்ணில் பெரிய முகப்படத்தின் பக்கத்தில் சறுக்கி வரும் ஆட்டக்காரர் ஆரன் அல்ல, வில்லி மேஸ். 1957-இன் 20-ஆம் எண்ணில் நெகட்டிவ் திரும்பிப்போய், வலக்கை ஆட்டக்காரரான ஆரன் இடக்கைக்காரராக நிற்கிறார். சட்டையில் 44 என்ற எண் கண்ணாடியில் பார்ப்பதுபோல் இடவலம் மாறித் தெரியும். இரண்டுமே எல்லாப் பிரதியிலும் உள்ள பிழைகள். டாப்ஸ் திருத்தி வெளியிடவே இல்லை. எனவே ‘அரிய பிழைக் கார்டு’ என்று கூடுதல் விலை கேட்பவருக்கு ஒரு டாலர்கூட அதிகம் கொடுக்காதீர்கள். உண்மையான வேறுபாடு 1958-இன் 30-ஆம் எண்ணில் இருக்கிறது. பெயர் வெள்ளை எழுத்தில் உள்ளதும் உண்டு, மஞ்சள் எழுத்தில் உள்ளதும் உண்டு. மஞ்சள்தான் அரிது, அதற்கு விலை கூடுவது நியாயம். வரிசையை நிறைக்க வெள்ளை போதும்.

1956 கார்டின் முதுகு சாம்பல் நிறத்திலும் வரும், வெள்ளையிலும் வரும். இரண்டுமே அசல். வெள்ளையைக் கண்டு போலி என்று ஒதுக்கிவிட வேண்டாம். 1975-இல் அதே கார்டுகளை 2¼ × 3⅛ அங்குலத்தில் சின்னதாகவும் விட்டார்கள். விளம்பரப் படத்தில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும் என்பதால் எந்த அளவு என்று கேட்டுவிட்டே பணம் கட்டுங்கள்.

1971-இன் 400-ஆம் எண் கறுப்புக் கரை போட்டது. 1962-இன் 320-ஆம் எண்ணுக்கு மரப்பலகை நிறக் கரை. இந்த இரண்டிலும் ஓரம் சற்று உரசினாலே வெள்ளை தெரிந்துவிடும். அதை மறைக்க மார்க்கர் பேனாவால் தீட்டி விற்பது பழைய வேலை. கார்டைக் கிடையாகப் பிடித்து விளிம்பின் தடிமனைப் பாருங்கள். அசலில் வெட்டிய விளிம்பு வெறும் அட்டை நிறமாக இருக்கும். அங்கேயும் கறுப்பு இறங்கியிருந்தால் யாரோ மை தடவியிருக்கிறார்கள்.

அசலா, வெட்டப்பட்டதா, ஒட்டுப்போட்டதா

மூன்று கருவிகள் போதும். நகைப்பட்டறைச் சாமான் விற்கும் கடைகளில் கிடைக்கும் 10 மடங்கு லென்ஸ். சிக்பேட், நகரத்பேட்டை பக்கம் கேளுங்கள். எஸ்.பி. ரோட்டில் ஒரு டிஜிட்டல் காலிபர், அதாவது மில்லிமீட்டர் துல்லியமாக அளக்கும் கருவி. அங்கேயே ரூபாய் நோட்டு பார்க்கும் புற ஊதா டார்ச்.

லென்ஸில் முதலில் பார்க்க வேண்டியது படத்தை அல்ல, எழுத்தை. அந்தக்கால அச்சில் படம் நிறப்புள்ளிகளால் ஆனது. ஆனால் கறுப்பு எழுத்துகளும் கோடுகளும் தனித் தகட்டில் ஒரே சீரான மையாக அடிக்கப்பட்டவை, ஓரம் கூர்மையாக இருக்கும். போலி செய்பவர் முழுக் கார்டையும் ஸ்கேன் செய்து அடிப்பதால் எழுத்தும் புள்ளிகளாகச் சிதறிவிடும். ‘ஹென்றி ஆரன்’ என்ற பெயரின் ஓர் எழுத்தை லென்ஸுக்குள் வைத்தால் அரை நிமிடத்தில் தெரிந்துவிடும். புற ஊதா வெளிச்சத்தை இருட்டு அறையில் அடியுங்கள். ஐம்பதுகளின் அட்டை மங்கலாகவே இருக்க வேண்டும். பளீரென்று நீலவெள்ளையாக ஒளிர்ந்தால் பிற்காலத்துக் காகிதம், வெண்மையூட்டும் ரசாயனம் கலந்தது.

காலிபர் எதற்கு என்றால், தேய்ந்த ஓரத்தை நறுக்கிப் புதுசாக்கும் ஆட்களுக்காக. ஆலையிலேயே அரை மில்லிமீட்டர் முன்னே பின்னே இருக்கும், அது குற்றமில்லை. ஒரு பக்கம் மட்டும் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் குறைந்து, அந்த ஓரம் மற்ற மூன்றையும்விட வழவழவென்று இருந்தால் விட்டுவிடுங்கள். 70 ஆண்டு பழைய கார்டில் மூன்று மூலை உருண்டு ஒரு மூலை மட்டும் கத்திபோல் இருப்பதும் இதே சந்தேகத்துக்கு உரியது.

மடிப்பு விஷயத்தில்தான் தொலைவிலிருந்து வாங்குபவர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். ஸ்கேனர் நேரே வெளிச்சம் அடிப்பதால் மெல்லிய மடிப்பு படத்தில் மறைந்துவிடும். விற்பவரிடம் ஜன்னலோரம் கார்டைச் சாய்த்துப் பிடித்து மொபைலில் எடுத்த படம் முன்னும் பின்னும் ஒவ்வொன்று கேளுங்கள். அனுப்ப மறுப்பவரிடம் வாங்க வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. 1954 தவிர்த்து இந்த வரிசையில் எந்தக் கார்டும் வாரந்தோறும் விற்பனைக்கு வந்துகொண்டுதான் இருக்கிறது.

பிஎஸ்ஏ, எஸ்ஜிசி, பெக்கெட் ஆகிய நிறுவனங்கள் கார்டைச் சோதித்து 1 முதல் 10 வரை மதிப்பெண் போட்டு, பிளாஸ்டிக் உறையில் அடைத்துத் தரும். சேகரிப்பாளர்கள் இதை ஸ்லாப் என்பார்கள். 1960-க்கு முந்தியவற்றை ஸ்லாபில் வாங்குவது பாதுகாப்பு. எழுபதுகளுக்கு அது வீண் செலவு. ஸ்லாப் எண்ணை அந்த நிறுவனத்தின் இணையதளத்தில் போட்டு, அங்கே வரும் படமும் கையில் உள்ள கார்டும் ஒன்றா என்று மூலை மூலையாக ஒப்பிடுங்கள், ஏனென்றால் ஸ்லாபிலும் போலி உண்டு. மதிப்பெண் தேர்வில் உறுதியாகவே சொல்லலாம்: 3, 4 வாங்குங்கள், ஆனால் படம் நடுவில் அமைந்ததாக, முகம் தெளிவாக இருப்பதாகப் பொறுக்குங்கள். மூலை உருண்ட 3 மதிப்பெண் கார்டு பார்வைக்கு அழகாகவே இருக்கும். ஒருபக்கம் கரை முழுங்கிய 6, அலமாரியில் எப்போதும் கோணலாகவே நிற்கும். விலையோ இரண்டு மூன்று மடங்கு.

பெங்களூருக்குக் கொண்டுவருவது

சுங்கவரி கார்டின் விலைக்கு மட்டும் அல்ல. கப்பல் கூலியும் இன்ஷூரன்ஸும் சேர்ந்த தொகைக்குக் கணக்கிடப்படுகிறது. விகிதம் பட்ஜெட்டுக்கு பட்ஜெட் மாறுவதால் வாங்கும் மாதத்தில் என்ன என்று சுங்கத் துறையின் இணையதளத்தில் பாருங்கள். கிரெடிட் கார்டில் டாலர் கட்டும்போது வங்கியின் அந்நியச் செலாவணிக் கட்டணம் தனி. ஐந்தாறு கார்டுகளை ஒரே விற்பவரிடம் எடுத்து ஒரே பொட்டலமாக வரவழைத்தால் கூலியாவது மிஞ்சும்.

விலையைக் குறைத்து எழுது, ‘கிஃப்ட்’ என்று போடு என்று விற்பவரிடம் சொல்லாதீர்கள். அது பொய் அறிவிப்பு. பிடிபட்டால் கார்டே போகும்; வழியில் தொலைந்தால் நட்டஈடும் எழுதிய சின்னத் தொகைக்குத்தான் கிடைக்கும்.

அமெரிக்காவில் அக்காவோ மாமாவோ இல்லாத தமிழ்க் குடும்பம் இந்த ஊரில் குறைவு. அவர்கள் முகவரிக்கு அனுப்பச் சொல்வது நல்ல வழி. ஒரு எச்சரிக்கை: ஈபேயில் பொருள் சரியில்லை என்று திருப்பித் தரும் கெடு, பொருள் அவர்கள் வீட்டில் சேர்ந்த நாளிலிருந்து ஓடத் தொடங்குகிறது. அவர்கள் தீபாவளிக்கு ஊர் வரும்வரை உறையைப் பிரிக்காமல் வைத்திருந்தால் கெடு முடிந்துபோகும். வந்த வாரமே வீடியோ அழைப்பில் பிரிக்கச் சொல்லுங்கள். ஸ்கேலால் அளந்து, சாய்த்துக் காட்டி, படம் எடுத்து அனுப்பிய பிறகு எடுத்து வைக்கட்டும். விமானத்தில் கைப்பையில்தான் வர வேண்டும், பில் பிரதியோடு. பயணிக்கு உள்ள வரியில்லா வரம்பைத் தாண்டினால் சிவப்பு வழியில் போய் அறிவிப்பதே சரி.

பாதுகாப்பது

லேமினேஷன் செய்யாதீர்கள். நம் வீடுகளில் மார்க்ஷீட்டுக்குச் செய்யும் அந்தப் பழக்கம் இங்கே கார்டைக் கொன்றுவிடும். ஒட்டிய பிளாஸ்டிக்கை மறுபடி பிரிக்க முடியாது. ஃபேன்ஸி ஸ்டோர் ஆல்பங்களின் பிவிசி தாளும் வேண்டாம், நாளடைவில் அதிலிருந்து கசியும் எண்ணெய்ப்பசை மையோடு ஒட்டிக்கொள்ளும். பாலிப்ரொப்பிலீன் ஸ்லீவ் போட்டு, அதன்மேல் டாப்லோடர் என்ற கெட்டியான பிளாஸ்டிக் உறை. 1954–56 கார்டுகளைச் சாதாரண டாப்லோடரில் திணித்தால் மூலை மடங்கும். பெரிய அளவு என்று கேட்டு வாங்குங்கள்.

ஜூன் முதல் அக்டோபர் வரை பெங்களூர்க் காற்றில் ஈரம் அதிகம். அட்டையின் இரண்டு பக்கமும் ஒரே அளவில் ஈரம் குடிக்காது, அதனால்தான் கார்டு வளைகிறது. ரப்பர் விளிம்புள்ள காற்றுப்புகாத ஐந்து லிட்டர் டப்பா, உள்ளே 100 கிராம் ஆரஞ்சு நிற சிலிக்கா ஜெல், ஒரு சின்ன ஈரப்பதமானி. முள் 45–50 சதவீதத்தில் நிற்க வேண்டும். ஜெல் நிறம் மாறினால் வெளியே எடுத்துக் காயவைத்துத் திரும்பப் போடுங்கள். 35-க்குக் கீழே போனால் பழைய அட்டை முறுமுறுத்துப்போகும், ஜெல்லைக் குறையுங்கள். அந்துருண்டையை டப்பா பக்கமே கொண்டுபோக வேண்டாம். அதன் ஆவி சிலவகை பிளாஸ்டிக்கை இளக்கிவிடும். வெள்ளிப்பூச்சிக்கு டப்பாவை இறுக மூடுவதே மருந்து. வங்கி லாக்கரில் வைப்பவர்களும் இதே டப்பாவோடுதான் வைக்க வேண்டும், தரைக்கீழ்த் தளங்கள் ஈரமானவை.

கையெழுத்துப் பந்தும் காகிதங்களும்

ஆரன் 2021 ஜனவரி 22-இல் காலமாகும்வரை பல பத்தாண்டுகள் தாராளமாகக் கையெழுத்துப் போட்டவர். அசல் நிறைய உண்டு, போலியும் நிறைய உண்டு. தொண்ணூறுகளில் எஃப்பிஐ ‘ஆபரேஷன் புல்பென்’ என்ற பெயரில் பெரிய போலிக் கையெழுத்துக் கும்பலையே பிடித்தது. பிஎஸ்ஏ, ஜேஎஸ்ஏ போன்ற கையெழுத்துச் சோதனை நிறுவனங்களின் சான்று இல்லாத பந்தை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

சான்றைப் பார்ப்பதற்கு முன் பந்தையே படியுங்கள். பிரேவ்ஸ் ஆடிய நேஷனல் லீக்கின் பந்தில் லீக் தலைவரின் பெயர் அச்சாகியிருக்கும்: 1951–69 வாரன் கைல்ஸ், 1970–86 சப் ஃபீனி, பிறகு பார்ட் ஜியமாட்டி, பில் வைட், 1994 முதல் லியனர்ட் கோல்மன். 1976 வரை பந்து செய்தது ஸ்பால்டிங், 1977 முதல் ராலிங்ஸ். ‘715-ஆவது ஹோம் ரன் இரவில் போட்ட கையெழுத்து’ என்று விற்கும் பந்தில் ஃபீனி பெயரோடு ராலிங்ஸ் முத்திரை இருந்தால், அந்தப் பந்து 1974-இல் பிறக்கவே இல்லை. கையெழுத்து அசலாகவே இருக்கலாம். சொன்ன கதை பொய், விலையும் அந்தக் கதைக்கானது. பந்தில் பால்பாயின்ட் மையே நல்லது, மார்க்கர் மை தோலில் ஊறிப் பரவும். எந்த மையும் வெயிலில் வெளுக்கும், வரவேற்பறை ஷோகேஸில் ஜன்னலுக்கு எதிரே வைக்காதீர்கள்.

காகிதங்களில் முதலில் தேடத் தக்கது 1974 ஏப்ரல் 15 தேதியிட்ட ஸ்போர்ட்ஸ் இல்லஸ்ட்ரேட்டட் இதழ். அட்டையிலேயே ஆரனும் 715-உம். முகவரிச் சீட்டு ஒட்டாத பிரதிக்கு விலை அதிகம். 715 அடித்த மறுநாள் காலைச் செய்தித்தாள்களும் விற்பனைக்கு வரும், ஆனால் அந்தத் தாள் தன் அமிலத்தாலேயே பழுத்து உதிரும். வாங்கினால் அமிலமற்ற அட்டையோடு பாலியெஸ்டர் உறையில் விரித்தபடி வையுங்கள். மடித்து வைத்தால் மடிப்பில்தான் முதலில் கிழியும்.

ஒவ்வொரு பொருள் வந்ததும் முன், பின், விளிம்பு மூன்றையும் படம் எடுத்து, விற்பவர் பில், சுங்க ரசீது, ஸ்லாப் எண் ஆகியவற்றோடு ஒரே கோப்பில் போட்டுவிடுங்கள். இன்ஷூரன்ஸ் கேட்டாலும், பின்னால் விற்க நேர்ந்தாலும், வீட்டில் இன்னொருவர் இதைக் கையில் எடுக்க நேர்ந்தாலும் அவர்கள் கேட்கப்போவது அந்தக் கோப்பைத்தான்.