கோவளத்தில் அடுத்த வாரம் அலை வருமா? முன்னறிவிப்பைப் படிக்கப் பழகலாம்

போனில் அலை முன்னறிவிப்பைத் திறக்கிறீர்கள். இப்படி இரண்டு நாட்கள் கண்ணில் படுகின்றன என்று வைத்துக்கொள்வோம்.

முதல் நாள்: 0.9 மீட்டர், 15 விநாடி, 165 டிகிரி. காற்று 6 நாட் (காற்றின் வேகத்தைச் சொல்லும் அளவு), 270 டிகிரி.

இரண்டாம் நாள்: 1.6 மீட்டர், 7 விநாடி, 80 டிகிரி. காற்று 16 நாட், 60 டிகிரி.

சென்னைக்குத் தெற்கே இருக்கும் கோவளத்தில் சர்ஃப் பலகையோடு இறங்க எந்த நாள் நல்ல நாள்? புதிதாக வருபவர்களில் பத்துக்கு எட்டுப் பேர் இரண்டாவதைத்தான் காட்டுவார்கள். நானும் காட்டினேன். காட்டியதோடு நிற்காமல் ஒரு நவம்பர் வியாழக்கிழமை அலுவலகத்துக்கு லீவு போட்டு, விடியற்காலையில் ஈசிஆரில் வண்டியை விரட்டிக்கொண்டு போனேன். போய்ப் பார்த்தால் கடல் துணி துவைக்கிற தண்ணீர் மாதிரி கிடக்கிறது. அலை எங்கே எழுகிறது, எங்கே உடைகிறது என்று ஒன்றும் புரியவில்லை. கரையில் ஒரு படகுகூடத் தள்ளவில்லை. மணலில் உட்கார்ந்து இரண்டு டீ குடித்துவிட்டுத் திரும்பினேன்.

அந்த இரண்டு டீயில் தொடங்கியதுதான் இந்தப் பாடம். முன்னறிவிப்பு அட்டவணையை எந்த வரிசையில் படிக்க வேண்டும் என்று பார்ப்போம். கோவளத்தை வைத்துச் சொல்கிறேன், ஏனென்றால் எனக்குத் தெரிந்த கரை அதுதான்.

படி 1: உயரத்தைக் கையால் மறைத்துக்கொண்டு விநாடியைப் பாருங்கள்

அட்டவணையில் உயரம்தான் பெரிய எழுத்தில் இருக்கும். பக்கத்தில் சின்னதாக 7 வி, 12 வி, 15 வி என்று ஓர் எண் இருக்கும். ஓர் அலையின் முகடு கடந்து அடுத்த முகடு வர எத்தனை விநாடி ஆகிறது என்பதுதான் அது. சர்ஃப் செய்பவர்கள் இதைப் ‘பீரியட்’ என்பார்கள்.

இந்த எண் அந்த அலையின் ஊரைச் சொல்லிவிடும். 6, 7 விநாடி என்றால் பக்கத்துக் கடலில் இன்றைக்கோ நேற்றைக்கோ அடித்த காற்று கிளப்பிய அலை. முரட்டுத்தனமாக இருக்கும், ஒழுங்கு இருக்காது. 13, 14 விநாடிக்கு மேல் போனால் அது வெகு தூரத்துப் புயல் அனுப்பிய அலை. வழியெல்லாம் தன்னை ஒழுங்குபடுத்திக்கொண்டு வரிசை வரிசையாக வரும். இதைத்தான் ‘ஸ்வெல்’ என்கிறோம்.

கொஞ்சம் கணக்குப் போடலாம், பயப்பட வேண்டாம். ஆழ்கடலில் அலையின் நீளம் மீட்டரில் எவ்வளவு என்று தெரிய, விநாடியை விநாடியாலேயே பெருக்கி, பிறகு 1.56-ஆல் பெருக்குங்கள். 7 விநாடி அலைக்கு சுமார் 76 மீட்டர். 14 விநாடி அலைக்கு சுமார் 306 மீட்டர். விநாடி இரண்டு மடங்கு, நீளம் நான்கு மடங்கு! தன் நீளத்தில் பாதி ஆழம் வரைக்கும் அலை தண்ணீரை அசைக்கும். அதனால் 14 விநாடி அலை 150 மீட்டர் ஆழத்திலேயே தரையைத் தொட்டு உணர ஆரம்பிக்கிறது. வேகம் குறைந்து, சுருங்கி, கரைக்கு வரும்போது நிமிர்ந்து நிற்கிறது. 0.9 மீட்டர் என்று அட்டவணை சொன்ன அலை கோவளத்தில் நெஞ்சளவு எழுந்து நிற்பதற்கு இதுதான் காரணம்.

கரையில் நின்றும் இதை எண்ணிப் பார்க்கலாம். உடையும் இடத்துக்கு வெளியே மிதக்கும் வலை மிதவை ஏதாவது ஒன்றைக் குறி வையுங்கள். அது மேலே ஏறும்போது ‘பூச்சியம்’ என்று தொடங்கி, பத்தாவது முறை ஏறும் வரை ஸ்டாப்வாட்ச் ஓடட்டும். வந்த விநாடியைப் பத்தால் வகுத்தால் பீரியட். நான்கைந்து முறை செய்தால் கண்ணே கணக்குப் போட ஆரம்பித்துவிடும்.

படி 2: எந்தத் திசையிலிருந்து வருகிறது?

டிகிரி எண்: 0 வடக்கு, 90 கிழக்கு, 180 தெற்கு, 270 மேற்கு. இதில் ஒரு குழப்பம் எல்லோருக்கும் வரும். எண் சொல்வது வருகிற திசையை. ஆனால் பக்கத்தில் போட்டிருக்கும் அம்பு பெரும்பாலும் போகிற திசையைக் காட்டும். 165 என்று எழுதி அம்பு மேல்நோக்கி இருந்தால் தவறு ஒன்றும் இல்லை. தென்தென்கிழக்கிலிருந்து கிளம்பி வடக்கே போகிறது, அவ்வளவுதான்.

கோவளத்துக்கு இந்தத் திசை ஏன் இவ்வளவு முக்கியம்? இலங்கை குறுக்கே நிற்கிறது.

ஒரு வரைபடத்தை எடுத்துக் கோவளத்தில் விரலை வையுங்கள். அங்கிருந்து இலங்கையின் கிழக்கு முனைக்கு, அதாவது பொத்துவில் பக்கம், ஒரு கோடு இழுங்கள். அந்தக் கோடு ஏறக்குறைய 165 டிகிரியில் போகும். அதற்கும் கிழக்கிலிருந்து வரும் ஸ்வெல் நமக்கு நேராக வரும். 180, 190 டிகிரியில் வருவதை இலங்கை தடுத்துவிடும். தீவைச் சுற்றி வளைந்து கசிந்து வருவதுதான் நமக்கு மிச்சம். அதனால்தான் பொத்துவிலுக்குப் பக்கத்து அறுகம்பையில் தலைக்கு மேல் அலை போகிற நாளிலும் கோவளத்தில் முழங்கால் அளவு கிடைப்பதுண்டு. அந்தப் படங்களைப் பார்த்து வயிறு எரிந்து பயனில்லை.

தெற்கத்தி அலை நம் கரையில் நேராக மோதாமல் சாய்ந்து வரும். தெற்குப் பக்கம் முதலில் உடைந்து, அந்த உடைப்பு வடக்கே ஓடும். கரையைப் பார்த்து அலையில் ஏறி நிற்பவருக்கு வடக்கு வலது கைப்பக்கம். கோவளத்து முனையில் நல்ல அலைகள் வலப்பக்கமாக ஓடுவது அதனால்தான்.

படி 3: காற்று

இங்கே பழைய தமிழ்ப் பெயர்களே போதும். மேற்கிலிருந்து வருவது கச்சான், வடக்கிலிருந்து வாடை, கிழக்கிலிருந்து கொண்டல். கோவளம் கிழக்குப் பார்த்த கரை. எனவே கச்சான் வீசினால் அது நிலத்திலிருந்து கடலுக்குப் போகும் காற்று; அலையின் முகத்தை எதிரிலிருந்து தாங்கிப் பிடித்து வழவழப்பாக்கும். கொண்டல் முதுகில் தள்ளி அலையைச் சீக்கிரமே குலைத்துவிடும். வாடை பலமாக இருந்தால் நான் லீவு போட்ட நாள் மாதிரிதான்.

ஜூன் முதல் ஆகஸ்ட் வரை விடியற்காலையில் பெரும்பாலும் மேற்குக் காற்று. வெயில் ஏறி நிலம் சூடானதும் கடல்காற்று உள்ளே வர ஆரம்பிக்கும். மதியத்துக்குள் தென்கிழக்காகத் திரும்பிவிடும். காலை ஆறு மணிக்குக் கண்ணாடி, மதியம் இரண்டு மணிக்குக் கூழ். ஆகவே அந்த நாளின் சராசரிக் காற்றைப் பார்க்காதீர்கள், நீங்கள் இறங்கப் போகும் மணிக்கு என்ன என்று பாருங்கள். சில தளங்கள் நேரத்தைக் கிரீன்விச் கணக்கில் காட்டும், அப்போது ஐந்தரை மணி நேரம் கூட்டிக்கொள்ள வேண்டும். 1 நாட் என்பது மணிக்கு 1.85 கிலோமீட்டர். எந்தத் திசையானாலும் 5 நாட்டுக்குக் கீழே என்றால் கவலை வேண்டாம்.

படி 4: ஓதம்

நம் கரையில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் வித்தியாசம் அமாவாசை, பௌர்ணமி நாட்களிலேயே ஒரு மீட்டரைச் சுற்றித்தான். இதற்காக அலாரத்தை மாற்ற வேண்டாம். நல்ல ஏற்றத்தில் அலை கரைக்கு மிக அருகில் வந்து தொப்பென்று மணலில் விழும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

படி 5: இப்போது உயரம்

கையை எடுங்கள். அட்டவணையில் இருக்கும் உயரம் எல்லா அலைகளின் சராசரி அல்ல. உயரமான மூன்றில் ஒரு பங்கு அலைகளின் சராசரி. எனவே 0.9 மீட்டர் என்று போட்டிருந்தால், சில மணி நேரத்துக்குள் அதில் இரு மடங்குக்கு நெருங்கிய ஓர் அலை வந்தே தீரும். இன்னொன்று, சில தளங்கள் காற்றலையையும் ஸ்வெல்லையும் சேர்த்து ஒரே உயரமாகக் காட்டும். இரண்டையும் பிரித்துக் காட்டும் வசதி விண்டி, விண்ட்குரு இரண்டிலும் உண்டு. பிரித்தே பாருங்கள்.

பலகையில் இன்னும் எழுந்து நிற்கப் பழகிக்கொண்டிருப்பவர்களுக்கு நான் சொல்வது: 0.4 முதல் 0.7 மீட்டர், 10 முதல் 13 விநாடி, காற்று 8 நாட்டுக்குக் கீழே. அதற்கு மேல் போனால் பயிற்சியாளர் பக்கத்தில் இல்லாமல் இறங்க வேண்டாம். தளங்கள் போடும் நட்சத்திரங்களை நான் பார்ப்பதே இல்லை. நான்கு நட்சத்திரம் யாருக்கு? அது போடுகிறவருக்கே தெரியாது.

படி 6: அடுத்த இரண்டு மூன்று வாரம்

பலர் கேட்பது இதைத்தான்: ‘இந்த மாதக் கடைசியில் ஊரிலிருந்து வருகிறேன், அலை இருக்குமா?’

தளங்கள் 14, 16 நாள் வரைக்கும் எண்களைப் போட்டுக்கொண்டே போகும். பத்து நாளுக்கு அப்பால் இருப்பதை ஜாதகம் போல எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் ஆறேழு நாள் தொலைவுக்கு ஸ்வெல்லை நம்பலாம். காரணம், அந்த அலை ஏற்கெனவே பிறந்து வந்துகொண்டிருக்கிறது.

நம் ஊர்க் கோடைகால ஸ்வெல் பிறப்பது தெற்கு இந்தியப் பெருங்கடலில், தென் அட்சம் 40 முதல் 50 வரைக்கும் ஓயாமல் புயல் சுற்றும் இடத்தில். இலங்கையின் நிழலைத் தாண்டிக் கோவளத்துக்கு வர, அந்தப் புயல் கொஞ்சம் கிழக்கே, ஆஸ்திரேலியாவுக்குத் தென்மேற்கே நின்றால் நல்லது. அங்கிருந்து நமக்கு ஏறத்தாழ 6,500 கிலோமீட்டர். அலைக்கூட்டம் நகரும் வேகம் விநாடிக்கு எத்தனை மீட்டர் என்று தெரிய, பீரியடை 0.78-ஆல் பெருக்குங்கள். 15 விநாடி என்றால் 11.7 மீட்டர், அதாவது மணிக்கு 42 கிலோமீட்டர், நாளுக்கு ஆயிரம் கிலோமீட்டர் சொச்சம். ஆறரை நாளில் வந்து சேரும்.

ஆகவே விண்டியில் அலைப் படலத்தைப் போட்டு, வரைபடத்தை ஆஸ்திரேலியாவுக்குக் கீழே இழுத்து, இன்றைக்கு அங்கே அடர்ந்த நிறத்தில் ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் நாட்காட்டியில் ஒரு வாரம் தள்ளிப் பென்சிலால் குறியுங்கள். நீளமான அலைக்கு வேகம் அதிகம் என்பதால் முதலில் 17, 18 விநாடி அலை அரை மீட்டருக்கும் குறைவாக எட்டிப் பார்க்கும். பிறகு உயரம் ஏறும், விநாடி இறங்கும். 14 விநாடி பக்கம் வரும்போது உச்சம், 11-க்கு வந்தால் முடிகிறது என்று பொருள்.

காற்றுக்கு இந்த நம்பிக்கை கிடையாது. இரண்டு நாளுக்கு முன் பார்த்தால் போதும். அப்புறம் பருவம். மே முதல் செப்டம்பர் வரை தெற்கு ஸ்வெல். 2025-ல் ஆசிய சர்ஃபிங் சாம்பியன்ஷிப்பை மாமல்லபுரத்தில் ஆகஸ்ட் மாதம் வைத்தார்கள் என்பதிலிருந்தே தெரியும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வாடையும் புயல் சின்னங்களும். பிப்ரவரி, மார்ச்சில் சின்ன, சாதுவான அலை. கற்றுக்கொள்ள எனக்குப் பிடித்த மாதங்கள் அவைதான்.

படி 7: கரைக்குப் போன பிறகு

வண்டியை நிறுத்தியதும் ஓடிப்போய் இறங்காதீர்கள். இருபது நிமிடம் உட்கார்ந்து பாருங்கள். நீண்ட பீரியட் நாட்களில் கடல் பத்துப் பதினைந்து நிமிடம் குளம் போலப் படுத்திருக்கும். பிறகு ஐந்தாறு பெரிய அலைகள் ஒரே கூட்டமாக வரும். இதை ‘செட்’ என்பார்கள். நடுவில் கிடைக்கும் அமைதியைப் பார்த்துக் கடலே அமைதி என்று நினைப்பதுதான் ஆபத்து.

2024 மே 6 அன்று கன்னியாகுமரி மாவட்டக் கடற்கரையில் ஐந்து பயிற்சி மருத்துவர்கள் இறந்தது இப்படிப்பட்ட கடலில்தான். வானம் தெளிவு, புயல் எதுவும் பக்கத்தில் இல்லை. ஏப்ரல் கடைசியில் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தெற்கே எழுந்த புயலின் ஸ்வெல் அன்று வந்து சேர்ந்திருந்தது. கேரள மீனவர்கள் இதைக் ‘கள்ளக்கடல்’ என்பார்கள். சத்தம் போடாமல் திருடன் போல வருவதால். ஹைதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ் என்ற கடல் தகவல் நிறுவனம் இதற்குத் தனியாக எச்சரிக்கை விடுகிறது. கிளம்பும் முன் அவர்கள் பக்கத்தை ஒருமுறை திறந்து பாருங்கள். எச்சரிக்கை இருந்தால் அன்றைக்குக் கரையில் நடப்பதோடு சரி.

பிறகு, வலை பிரித்துக்கொண்டிருக்கும் யாரையாவது கேளுங்கள்.

“அண்ணே, கடல் எப்படி இருக்கு?”

“தெண்டி ஓடுது தம்பி. இறங்குன இடத்துல ஏற மாட்டே.”

தெண்டி என்றால் தெற்கிலிருந்து வடக்கே ஓடும் நீரோட்டம்; எதிர்ப்பக்கம் ஓடினால் வன்னி. எந்தத் தளத்திலும் இந்தத் தகவல் இவ்வளவு சுருக்கமாகக் கிடைக்காது. அன்று நீலப் படகுக்கு முன்னால் செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கிய நான், அரை மணி நேரம் கழித்து ஏழு படகு தள்ளி வடக்கே ஏறினேன்.

ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கிக்கொள்ளுங்கள். போகிற ஒவ்வொரு நாளும் ஒரு வரி: அட்டவணை என்ன சொன்னது, கண் என்ன பார்த்தது. என் நோட்டிலிருந்து ஒன்று: ‘0.8 மீ, 14 வி, 162. கச்சான், 5 நாட். காலை 6.10. இடுப்பளவு, வலப்பக்கம் நீளமாக ஓடுகிறது. 9 மணிக்குக் காற்று திரும்பிவிட்டது. தெண்டி.’ இருபது வரி சேர்ந்த பிறகு அட்டவணையைப் பார்த்தாலே அன்றைய கோவளம் எப்படி இருக்கும் என்று ஓரளவு சொல்லிவிடுவீர்கள். லீவு கேட்பது அதற்கப்புறம்.