சென்னை – பலாலி: ஒன்றேகால் மணி நேரப் பறப்புக்கு ஒரு நாள் ஒதுக்குங்கள்

வெளிநாட்டிலிருந்து யாழ்ப்பாணம் போகிறவர்களுக்குச் சென்னை ஒரு வழி. சென்னை விமான நிலையத்திலிருந்து யாழ்ப்பாணத்தின் பலாலி விமான நிலையத்துக்கு நேர்கோட்டில் சுமார் 355 கிலோமீட்டர். இந்தத் தூரத்துக்கு ஒன்றேகால் மணி நேரமா என்று டிக்கெட்டைப் பார்த்துக் கேட்பார்கள். ஓடுவது ஏடிஆர், இரண்டு பக்கமும் விசிறி சுழலுகிற சின்ன விமானம், மணிக்கு 500 கிலோமீட்டர் வேகத்தில்தான் பறக்கும். கொழும்புக்குப் பக்கத்திலுள்ள கட்டுநாயக்கா விமான நிலையத்துக்குச் சென்னையிலிருந்து 650 கிலோமீட்டர் இருந்தும் ஜெட் என்பதால் கிட்டத்தட்ட அதே நேரத்தில் போய்விடலாம். ஆனால் கணக்கை வீட்டுப் படலை வரைக்கும் போட்டுப் பாருங்கள். கட்டுநாயக்காவில் இறங்கி, புத்தளம், அநுராதபுரம், வவுனியா என்று வாகனத்தில் ஆறேழு மணி நேரம். முதல் தடவை அம்மாவை அப்படித்தான் கூட்டிப் போனேன். வவுனியாவில் தேநீருக்கு நிறுத்தியபோது கால் இரண்டும் வீங்கி, செருப்பு ஏறவில்லை. அடுத்த பயணத்திலிருந்து சென்னை வழிதான்.

2019 அக்டோபரில் பலாலி சர்வதேச நிலையமாகத் திறந்து, நவம்பரில் சென்னை விமானம் வந்து, கொரோனாவில் நின்று, 2022 டிசம்பரில்தான் மறுபடி ஓடத் தொடங்கியது. 2025 மார்ச்சிலிருந்து திருச்சியிலிருந்தும் வருகிறது, அங்கிருந்து 185 கிலோமீட்டர்தான். சிங்கப்பூர், மலேசியாவிலிருந்து வருகிறவர்கள் அதையும் பாருங்கள்.

சிக்கல் எல்லாம் மாறி ஏறுகிற இடத்தில்தான். சென்னை வரைக்கும் ஒன்று, அங்கிருந்து பலாலிக்கு ஒன்று என்று தனித்தனி டிக்கெட் என்றால் சென்னையில் குடிவரவு தாண்டி, பொதிகளை எடுத்து, மறுபடி செக்-இன் செய்ய வேண்டும். அதற்கு இந்திய விசா கட்டாயம் வேண்டும், திரும்புகிற வழியும் சென்னை என்றால் இரண்டு முறை உள்ளே வர அனுமதிக்கிற விசாவாக எடுங்கள். நடுவில் ஐந்து மணி நேரமாவது விடுங்கள். பலாலிக்கு விமானங்கள் குறைவு, ஒன்றைத் தவறவிட்டால் பெரும்பாலும் அடுத்த நாள்தான். மூட்டு வலியோடு வருகிற பெரியவர்கள் இருந்தால் ஓர் இரவு சென்னையில் தங்கிவிடுவதே நல்லது.

அப்புறம் பொதி. லண்டனிலோ டொரொண்டோவிலோ ஏற்றிக்கொண்ட எடையைச் சின்ன விமானமும் ஏற்றும் என்று நம்ப வேண்டாம், டிக்கெட்டில் எத்தனை கிலோ என்று எழுதியிருக்கிறது என்று முதலிலேயே பார்த்துவிடுங்கள். சென்னையில் கவுன்டர் முன்னால் சூட்கேஸைத் திறந்து, மருமக்களுக்கு வாங்கிய சப்பாத்துகளையும் சாக்லேட்டையும் தரையில் பரப்பி வைத்துப் பிரித்தது எனக்கு இன்னும் மறக்கவில்லை.

இலங்கைக் கடவுச்சீட்டோ இரட்டைக் குடியுரிமையோ இல்லாதவர்கள் ஈடிஏ (இணையத்தில் எடுக்கிற இலங்கைப் பயண அனுமதி) எடுத்து, அச்சடித்துக் கையில் வைத்திருங்கள். யாழ்ப்பாணத்து நல்லூர் முருகன் கோயில் திருவிழா 25 நாளும் இருக்கைக்கு அடிபிடி, சில மாதம் முன்பே பதியுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் போனால் விமானம் தாமதமாகலாம், அன்றைக்கே கல்யாண வீட்டுக்குப் போய்ச் சேர வேண்டும் என்று திட்டம் போடாதீர்கள்.

முடிந்தால் ஜன்னல் ஓரம் கேளுங்கள். கடல் முடிந்ததும் பனைகளும் செம்மண் தோட்டங்களும் தெரியும். அம்மா கண்ணாடியில் நெற்றியை வைத்தபடி, சக்கரம் தரை தொடும் வரைக்கும் ஒரு வார்த்தை பேசவில்லை. வெளியே வந்தால் யாழ் நகரம் பதினாறு, பதினேழு கிலோமீட்டர், வாகனத்துக்கு முன்னமே சொல்லி வையுங்கள். திரும்பும்போது புழுக்கொடியலுக்கும் பனங்கட்டிக்கும் மூன்று கிலோவாவது மிச்சம் வையுங்கள்.