பாரிஸ் ஒயின் சந்தையில் நல்ல பாட்டிலைத் தேடிப் பிடிப்பது எப்படி?

நவம்பர் கடைசியில் பாரிஸ் மெட்ரோ 12ஆம் தடத்தில் ஒரு வேடிக்கை நடக்கும். காலையில் காலித் தள்ளுவண்டியோடு ஏறுகிற ஆட்கள் மாலையில் ஒயின் பெட்டிகளை மேலே மேலே அடுக்கி, ரப்பர் கயிறு கட்டி, கன்னம் சிவந்து திரும்புவார்கள். எல்லாரும் போய்வருவது போர்த் து வெர்சாய் அரங்கில் நடக்கும் சலோன் தே வின்யரோன் அந்தெபாந்தான் என்ற சந்தைக்கு. தானே திராட்சை வளர்த்து, தானே ஒயினாக்கி, தானே பாட்டிலில் அடைத்து விற்கிற விவசாயிகளின் சந்தை அது. தோளில் பீப்பாய் சுமக்கும் மனிதன்தான் அவர்களின் சின்னம். ஏறக்குறைய ஆயிரம் கடைகள் இருக்கும். நுழைவுச்சீட்டோடு ஒரு கண்ணாடிக் கோப்பை தருவார்கள். அப்புறம் எந்தக் கடையிலும் காசில்லாமல் ருசிக்கலாம். லா ஷப்பல் பக்கம் இருக்கும் நம்மவர்கள் மார்க்ஸ் டொர்முவா நிலையத்தில் ஏறினால் வண்டி மாறாமலே போய்விடலாம்.

முதல் தடவை போனபோது வாசலிலிருந்தே கடை கடையாக ருசித்துக்கொண்டு போனேன், துப்பவும் இல்லை. பதினைந்தாவது கடையில் எல்லா ஒயினும் அமிர்தமாக இருந்தது. அங்கே ஒரு தடித்த சிவப்பில் ஆறு பாட்டில் வாங்கினேன். வீட்டில் ஆட்டுக்கறிக் குழம்போடு திறந்தால் மரப்பலகையை நக்கியது போல இருந்தது. மீதி ஐந்தையும் தீர்க்க ஒன்றரை வருடம் ஆயிற்று. நீங்கள் அந்த வழியில் போக வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

போகும் முன்பே ஒரு நூலைப் பிடியுங்கள்

ஆயிரம் கடையையும் பார்க்க முடியாது. ஒரு நாளைக்குப் பன்னிரண்டு கடை போதும், அதுவே அதிகம். ஒரே ஒரு வட்டாரத்தையோ ஒரே ஒரு திராட்சையையோ எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே மாதிரியானவற்றைப் பக்கம் பக்கமாக வைத்தால்தான் எது தனித்து நிற்கிறது என்று நாக்குக்குத் தெரியும். ஒரு கடையில் ஷாம்பேன், அடுத்ததில் போர்தோ, அப்புறம் அல்சாஸ் என்று தாவினால் எதை எதோடு ஒப்பிடுவது?

புதியவர்களுக்கு நான் சொல்வது லுவார் ஆற்றுப் பள்ளத்தாக்கு. கடல் பக்கம் மெல்லிய மஸ்கதே, நடுவில் வுவ்ரே, சினோன், மேலே சான்செர் என்று வெள்ளையும் சிவப்பும் குமிழியும் இனிப்பும் அங்கேயே கிடைக்கும், விலையும் பெரும்பாலும் கையைக் கடிக்காது. வுவ்ரேயில் ஷெனான் என்ற ஒரே வெள்ளைத் திராட்சையில் புளிப்பான ஒயினும் செய்கிறார்கள், தேன் போன்றதும் செய்கிறார்கள். லேபிளில் ‘செக்’ என்றால் இனிப்பில்லை, ‘தெமி செக்’ என்றால் லேசான இனிப்பு, ‘முவாலெ’ என்றால் நல்ல இனிப்பு. ஒரே கடையில் மூன்றையும் வரிசையாக ருசித்தால் பத்து நிமிடத்தில் பாதிப் பாடம் முடிந்துவிடும்.

சந்தையின் இணையதளத்தில் கடைக்காரர் பட்டியல் கடை எண்ணோடு இருக்கும். அதைப் பார்த்துப் பன்னிரண்டு பெயரைத் தாளில் குறித்துக்கொள்ளுங்கள். அன்று சென்ட் வேண்டாம், உங்கள் மூக்குக்கும் கெடுதல், பக்கத்தில் நிற்பவருக்கும் கெடுதல். பல் தேய்த்தவுடனோ காபி குடித்தவுடனோ ருசிக்காதீர்கள். வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுப் போங்கள். வார நாளில், கதவு திறக்கும் நேரத்தில் போக முடிந்தால் இன்னும் நல்லது. ஞாயிறு மதியத்தில் தோள் இடிக்காமல் நகர முடியாது.

துப்புங்கள்

நம் ஆட்களுக்கு இதில்தான் கூச்சம். பெரியவர் கையால் ஊற்றித் தந்ததை அவர் முன்னாலேயே துப்புவதா? அங்கே அது மரியாதைக் குறைவு இல்லை, ஊற்றுகிறவரும் அதைத்தான் செய்வார். கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஒரு ஊற்றுக்கு 30 மில்லி என்றாலும் இருபத்தைந்து ருசியில் 750 மில்லி, அதாவது ஒரு முழு பாட்டில். ஒரு கடையில் நான்கு வகை என்றால் ஏழாவது கடைக்குள் அது முடிந்துவிடும். துப்பினாலும் கொஞ்சம் உள்ளே போகத்தான் செய்யும், அதனால் கார் வேண்டாம். வீட்டில் குளியலறைத் தொட்டியில் தண்ணீரை வைத்துத் துப்பிப் பழகுங்கள். சிரிக்காதீர்கள், நான் அப்படித்தான் பழகினேன்.

எந்த வரிசையில்?

குமிழி விடும் ஒயின், இனிப்பில்லாத வெள்ளை, மெல்லிய சிவப்பு, தடித்த சிவப்பு, கடைசியாக இனிப்பு. சிவப்பு ஒயினில் இருக்கும் டானின் என்ற துவர்ப்புப் பொருள் எச்சிலில் உள்ள புரதத்தைப் பிடித்துக்கொள்வதால் வாய் உலர்ந்து இழுக்கும். பச்சை வாழைக்காயைக் கடித்தால் வருகிற அதே துவர்ப்புதான். அதற்கப்புறம் மெல்லிய வெள்ளையை ஊற்றினால் தண்ணீர் மாதிரி இருக்கும். இனிப்புக்குப் பின் வருகிற ஒயினோ வெறும் புளிப்பாகத் தெரியும், லட்டு தின்றுவிட்டு மோர் குடித்தாற்போல.

கடையில் நின்று

முதலில் ‘போன்ழூர்’, அதாவது வணக்கம். அது இல்லாமல் கோப்பையை நீட்டினால் முகம் சுளிப்பார்கள். எது பிடிக்கும் என்று இரண்டு வார்த்தை சொல்லி, எதில் தொடங்கலாம் என்று அவரையே கேளுங்கள். ஆனால் அதில் என்ன வாசனை வருகிறது என்று அவர் சொல்வதற்குள் முகர்ந்துவிடுங்கள். 2001இல் வெளிவந்த போர்தோ ஆய்வு ஒன்றில், ஒயின் படிக்கும் 54 மாணவர்களுக்கு வெள்ளை ஒயினில் மணமில்லாத சிவப்புச் சாயம் கலந்து கொடுத்தார்கள். அவர்கள் சிவப்பு ஒயினுக்குச் சொல்லும் வார்த்தைகளாலேயே அதை வர்ணித்தார்கள். கண் பார்த்ததை மூக்கு நம்பிவிட்டது. படித்தவர்கள் கதியே இது என்றால், ‘செர்ரி வருகிறது பாருங்கள்’ என்று ஒருவர் சொன்னபின் நமக்குச் செர்ரி வராமல் இருக்குமா?

வாசனைக்குப் பெயர் வைப்பதில் பலர் தயங்குகிறார்கள். பார்த்தேயிராத காட்டுப்பழங்களின் பெயரை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. நம் அஞ்சறைப்பெட்டியே போதும். ரோன் பக்கத்துச் சிரா திராட்சையில் மிளகு மணக்கும், அது வெறும் உவமை இல்லை. மிளகுக்கு அந்த மணத்தைத் தருகிற ரொட்டண்டோன் என்ற பொருளே அந்த ஒயினிலும் இருக்கிறது. ஐந்தில் ஒருவர் மூக்குக்கு அது எட்டாது, ஆகவே உங்களுக்கு வராவிட்டால் வருத்தப்படாதீர்கள். ழுரா மலைப்பக்கத்து மஞ்சள் ஒயின் ‘வான் ழோன்’ இன்னும் ஆச்சரியம். ஆறு வருடம் மூன்று மாதமாவது காத்திருக்க வைத்து, 62 சென்டிலிட்டர் பிடிக்கும் குட்டைப் பாட்டிலில் விற்பார்கள். அதன் மணத்துக்குக் காரணமான சோட்டலோன்தான் வெந்தயத்தின் மணத்துக்கும் காரணம். முதல் முறை முகர்ந்தபோது ஊரில் அம்மா வெந்தயம் வறுத்த அடுப்படியே மூக்குக்குள் வந்தது. பக்கத்தில் நின்ற பிரெஞ்சுக்காரர் வால்நட் என்றார். இருவருமே சரிதான்.

அல்சாஸ் கெவுர்ஸ்ட்ராமினரில் பன்னீர் ரோஜா, வயதான ரீஸ்லிங்கில் மண்ணெண்ணெய், சினோனின் கபர்னே ஃப்ரானில் பச்சைக் குடைமிளகாய். நனைந்த சாக்கு வாடை அடித்தால் மட்டும் அது கார்க்கில் வந்த கோளாறு. வேறு பாட்டில் திறக்க முடியுமா என்று மெதுவாகக் கேளுங்கள், பெரும்பாலும் நன்றி சொல்லித் திறப்பார்கள்.

துப்பியபின் மனதுக்குள் எண்ணுங்கள். சுவை எத்தனை நொடி நிற்கிறது என்பதற்குப் பிரெஞ்சில் ‘கொடாலி’ என்றே ஓர் அளவு உண்டு, ஒரு நொடி ஒரு கொடாலி. வால் என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. வால் நீளம் என்றால் குறித்துக்கொள்ளுங்கள்.

குறிப்பு சிறிதாக இருக்கட்டும். கடை எண், ஒயின், வருடம், விலை, ஒரே ஒரு சொல். பிடித்தால் நட்சத்திரம். ‘வெந்தயம், 11 நொடி’ என்று நான் எழுதியது இன்றும் எனக்குப் புரிகிறது, அரைப் பக்க வர்ணனை எழுதிய வருடம் ஒன்றுமே புரியவில்லை.

இரண்டாவது சுற்று

பெரும்பாலோர் விட்டுவிடுவது இதைத்தான், நல்ல ஒயின் அகப்படுவதும் இதில்தான். ஒரு மடக்கில் ஜெயிப்பது எப்போதும் சத்தம் போடுகிற ஒயின்: புது ஓக் பீப்பாயின் வனிலா, கூடுதல் ஆல்கஹால், ஒளித்து வைத்த இனிப்பு. கூட்டத்தில் உரக்கப் பேசுகிறவர் முதலில் கவனிக்கப்படுவதைப் போலத்தான். ஆகவே பன்னிரண்டும் முடிந்ததும் வெளியே போய் அரை மணி நேரம் காற்று வாங்குங்கள், ரொட்டி தின்னுங்கள், தண்ணீர் குடியுங்கள். பிறகு நட்சத்திரம் வாங்கிய மூன்று நான்கிடம் மட்டும் திரும்பிப் போங்கள். ஒன்றிரண்டு சப்பென்றாகிவிடும். முதல் தடவை அடக்கமாக இருந்த ஒன்று இப்போது புளிப்பும் மணமுமாக நிமிர்ந்து நிற்கும். அதுதான் உங்கள் ஒயின்.

அந்தச் சுற்றில் கடைக்காரர் நீட்டும் சீஸை வாங்காதீர்கள். அதன் கொழுப்பும் புரதமும் துவர்ப்பை மழுக்கி எந்தச் சிவப்பையும் நல்லவனாக்கிவிடும். வாங்கியபின் தாராளமாகத் தின்னலாம்.

இப்போது கேள்வி கேட்கும் நேரம். திரும்பி வந்தவரிடம் அவர்களும் மனம் திறந்து பேசுவார்கள். 2021 ஏப்ரல் உறைபனியில் பல தோட்டங்களில் மொட்டு கருகிற்று, 2022 வறட்சி, 2024இல் ஓயாத மழையும் பூஞ்சையும். அந்த வருடம் உங்கள் தோட்டத்தில் எப்படி என்று கேட்டுப் பாருங்கள். பதிலில் விவசாயி தெரிவார். எத்தனை வருடம் வைக்கலாம், எந்தச் சாப்பாட்டோடு நன்றாக இருக்கும் என்றும் கேளுங்கள். மீன் குழம்பு என்று சொல்லிப் பார்த்தேன், ஒருவர் யோசித்துவிட்டு வுவ்ரே தெமி செக்கை எடுத்துக் கொடுத்தார். காரத்தை அந்த இனிப்பு நன்றாகவே தாங்கியது.

முதல் வருடம் பெட்டியாக வாங்க வேண்டாம். நான்கு கடையில் ஒவ்வொரு பாட்டில் வாங்கி, வீட்டுச் சாப்பாட்டோடு திறந்து பாருங்கள். பில் போடும்போது முகவரி கேட்டால் கொடுங்கள். பலரும் அடுத்த வருடத்துக்கு இலவச நுழைவுச்சீட்டு அனுப்பிவைப்பார்கள், ஆறு பாட்டில் பெட்டியை அப்போது வாங்கிக்கொள்ளலாம். ரப்பர் கயிறும் தள்ளுவண்டியும் அந்த வருடத்துக்குத்தான்.