டச்சு ஜோடி உருவப்படங்கள் ஏலத்துக்கு வரும்போது: மதுரையிலிருந்து வாங்க நினைப்பவர்களுக்கு

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் தேடிப் பழகிய மதுரைக்காரர்களில் சிலர், ஐரோப்பிய ஏலக்கூடங்களின் பட்டியல்கள் கைப்பேசியிலேயே கிடைக்கத் தொடங்கிய பிறகு, பதினேழாம் நூற்றாண்டு டச்சு உருவப்படங்களின் பக்கமும் கண்ணைத் திருப்பியிருக்கிறார்கள். கணவனுக்கு ஒன்று, மனைவிக்கு ஒன்று எனத் தீட்டப்பட்டு, ஒரே எண்ணின் கீழ் ஏலத்துக்கு வரும் படங்கள் அவற்றில் உண்டு. அந்த இரண்டும் பிறவியிலேயே ஜோடிதானா, பிற்காலத்தில் யாரோ சேர்த்துவைத்தவையா என்பதை முதலில் பார்க்க வேண்டும்; ஓவியர் யார் என்ற கேள்வி அதற்கு அடுத்ததுதான்.

இதில் நம் ஊர்க் கண்ணே பாதி வேலையைச் செய்துவிடும். அர்த்தநாரீசுவரர் வடிவில் அம்மை இடப்பாகத்தில், அதாவது பார்ப்பவருக்கு வலப்புறத்தில், இருப்பதைப் போலவே, டச்சு ஜோடிப் படங்களிலும் மனைவி பார்ப்பவரின் வலப்புறத்திலும் கணவன் இடப்புறத்திலும் அமைவது வழக்கம். இருவரும் சற்றே ஒருவர் பக்கம் ஒருவர் திரும்பியிருப்பார்கள். ஒளி பெரும்பாலும் இரண்டு படங்களிலும் இடப்புறத்திலிருந்தே விழுவதால், கணவனை நோக்கித் திரும்பிய மனைவியின் முகம் நல்ல வெளிச்சத்திலும், கணவனின் முகத்தில் ஒரு பகுதி நிழலிலும் இருக்கும். ஒருவரின் மூக்கு நிழல் ஒரு திசையிலும் மற்றவரின் நிழல் எதிர்த்திசையிலும் விழுந்தால் சந்தேகப்படலாம். தலையின் அளவு, கண்மட்டம், பின்னணியின் நிறம் ஆகியவற்றையும் பக்கத்தில் பக்கமாக வைத்து ஒப்பிட வேண்டும்.

அடுத்தது அளவு. படச்சட்டத்தை நம்பக்கூடாது என்பதை நான் பணம் கொடுத்துத்தான் கற்றுக்கொண்டேன். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு கடையில், ஒரே மாதிரித் தேக்குச் சட்டங்களுக்குள் இருந்த ஒரு பெரியவர், ஓர் ஆச்சி ஆகியோரின் எண்ணெய் வண்ணப் படங்களை ஜோடி என்று நம்பி வாங்கிவந்தேன். வீட்டில் பின்பக்க ஆணிகளைக் கழற்றியபோது, ஆச்சியின் கேன்வாஸ் இரண்டு விரற்கடை குட்டையாக இருந்ததையும், அந்த இடைவெளியை மறைக்கப் பழைய காலண்டர் அட்டையை வெட்டிச் செருகியிருந்ததையும் கண்டேன். அன்றிலிருந்து பின்பக்கத்தின் புகைப்படம் வராமல் எந்தப் படத்துக்கும் விலை கேட்பதில்லை.

அக்காலத்து டச்சு ஓவியர்கள் பலர் ஓக் மரப்பலகையில் தீட்டினார்கள். அந்த மரத்தில் பெரும்பகுதி பால்டிக் கடற்கரை நாடுகளிலிருந்து வந்தது. பலகையின் பின்பக்க விளிம்புகளை, சட்டத்தில் பொருந்துவதற்காகச் சரிவாகச் சீவியிருப்பார்கள். மூன்று விளிம்புகளில் சரிவு இருந்து நான்காவதில் இல்லையென்றால், அந்தப் பக்கம் பிற்காலத்தில் அறுக்கப்பட்டிருக்கலாம். பலகையின் ஓரத்தில் தெரியும் ஆண்டு வளையங்களை எண்ணி ஒப்பிட்டு, மரம் எந்த ஆண்டுக்கு முன் வெட்டப்பட்டிருக்க முடியாது என்று நிபுணர்கள் சொல்லிவிடுவார்கள். இரண்டு பலகைகளும் ஒரே மரத்தைச் சேர்ந்தவை என்று தெரியவந்தால் அது ஜோடிக்கு வலுவான சாட்சி, ஆனால் அது மட்டுமே போதாது. பின்பக்கத்து அரக்கு முத்திரைகள், ஒட்டுச்சீட்டுகள், சாக்கட்டியால் எழுதிய எண்கள் ஆகியவை இரண்டிலும் ஒத்துவருகின்றனவா என்றும் பார்க்க வேண்டும்.

படத்தின் மேல்மூலையில் ‘ஏடாட்டிஸ் சூயே’ என்ற லத்தீன் தொடரும் ஓர் எண்ணும் காணப்பட்டால், அது அமர்ந்தவரின் வயது. அருகிலேயே ஆண்டும் இருப்பதுண்டு. அந்த எழுத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். பழைய வண்ணப்படலம் காய்ந்து வெடித்தபோது எழுத்தும் சேர்ந்து வெடித்திருக்க வேண்டும். எழுத்தின் மை வெடிப்புகளுக்குள் வழிந்து இறங்கியிருந்தால், படம் வெடித்த பிறகு யாரோ எழுதியது என்று கொள்ளலாம்.

பட்டியலின் சொற்களை ஒப்பந்தப் பத்திரம் போல வாசிக்க வேண்டும். ஓவியரின் பெயர் மட்டும் தனியாக இருந்தால் அது அவர் தீட்டியது என்பது ஏலக்கூடத்தின் கருத்து. ‘அட்ரிபியூட்டட் டு’ என்றால் அவருடையதாக இருக்கலாம் என்று பொருள். ‘ஸ்டுடியோ ஆஃப்’ என்றால் அவருடைய பட்டறையில் உருவானது. ‘சர்க்கிள் ஆஃப்’ என்றால் அவர் காலத்தில் அவருடைய தாக்கத்தோடு வேறொருவர் தீட்டியது. ‘ஃபாலோவர் ஆஃப்’ இன்னும் ஒரு படி தள்ளியது. ‘ஆஃப்டர்’ என்றால் நகல். டெல்ஃப்ட் நகரத்து உருவப்பட ஓவியர் மிரெவெல்டின் பட்டறையிலிருந்து ஒரே முகம் பல பிரதிகளாக வெளிவந்ததால், அவர் பெயரைப் பார்க்கும்போது இந்தச் சொற்களில் இரட்டிப்புக் கவனம் தேவை. ‘கையொப்பம் உள்ளது’ என்பதும் ‘கையொப்பம் தாங்கியது’ என்பதும் ஒன்றல்ல. இரண்டாவதில் அந்தக் கையொப்பத்துக்கு ஏலக்கூடம் பொறுப்பேற்கவில்லை.

கைமாறிய வரலாறு எவ்வளவு பெறும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு போதும். திருமலை நாயக்கர் மதுரையை ஆண்டுகொண்டிருந்த 1635இல், லைடன் நகரத்தைச் சேர்ந்த யான் வில்லெம்ஸ் வான் டெர் ப்ளைம், யாப்கென் காரெல்ஸ் என்னும் முதிய தம்பதியரை ரெம்பிராண்ட் ஏறத்தாழ 20 செ.மீ. உயரமே உள்ள இரண்டு நீள்வட்டப் படங்களாகத் தீட்டினார். 1824இல் கிறிஸ்டீஸ் ஏலத்தில் விற்கப்பட்ட அவை, ஒரே குடும்பத்தின் வீட்டில் ஆய்வாளர்களின் கண்ணில் படாமல் இருந்து, 2023 ஜூலையில் அதே ஏலக்கூடத்தில் கட்டணங்கள் உட்பட சுமார் 1 கோடியே 12 லட்சம் பிரிட்டிஷ் பவுண்டுக்குப் போயின. நாம் பார்க்கும் படங்கள் அந்த உயரத்தில் இல்லை என்றாலும், இடைவெளி இல்லாத வரலாறு எந்த உயரத்திலும் விலையைக் கூட்டும்.

படம் இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்று ஏலக்கூடம் தரும் கண்டிஷன் ரிப்போர்ட்டை எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். புற ஊதா ஒளியில் எடுத்த படமும் கேட்கலாம். அந்த ஒளியில் பழைய வார்னிஷ் பச்சையாக ஒளிரும், பிற்காலத் திருத்தங்கள் கருந்திட்டுகளாகத் தெரியும். திட்டு பின்னணியில் இருந்தால் பொறுக்கலாம். கண்ணிலும் வாயிலும் இருந்தால் முகமே வேறு கை.

சுத்தியல் விழுந்த விலையோடு கணக்கு முடியாது. ஏலக்கூடத்தின் கமிஷனே கால்பங்கு அளவுக்கு வரக்கூடும். அனுப்பும் செலவு, காப்பீடு, சுங்கம் ஆகியவை அதற்கு மேல். 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்தின்படி நூறாண்டு கடந்த ஓவியம் தொல்பொருள், அதைத் தனிநபர் ஏற்றுமதி செய்ய முடியாது. ஆகவே கொண்டுவந்த பிறகு வெளிநாட்டில் விற்றுவிடலாம் என்ற எண்ணத்தில் வாங்கக்கூடாது.

ஓக் பலகைக்கு மதுரை வெயிலைவிட, பகலில் நிறுத்தி இரவில் மட்டும் ஓட்டும் ஏசி பெரிய எதிரி. ஈரப்பதம் ஏறியிறங்க ஏறியிறங்கப் பலகை வளைந்து பிளக்கும். மேற்குச் சுவரும் பூசையறைப் புகை படும் இடமும் ஆகாது, ஈரத்துணியும் எண்ணெயும் கூடவே கூடாது. மாட்டும்போது கணவன் நமக்கு இடப்புறம், மனைவி வலப்புறம், நடுவே ஒரு முழம் இடைவெளி. இடம் மாற்றி மாட்டினால் இருவரும் கோபித்துக்கொண்டு ஆளுக்கொரு பக்கம் பார்ப்பது போலத் தெரியும்.