வி.ஈ.ஜி.எஃப். அளவும் சொரியாசிஸ் தீவிரமும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

சொரியாசிஸ் என்ற தோல் அழற்சி நோயில் வரும் படையின் செதிலைச் சுரண்டினால் புள்ளி புள்ளியாக இரத்தம் கசிவதற்கு, தோலின் மேலடுக்கை ஒட்டி விரிந்தும் முறுக்கிக்கொண்டும் நிற்கும் நுண்குழாய்களே காரணம். அவற்றைப் பெருக்கும் காரணிகளுள் முதன்மையானது, இரத்தக் குழாய்களை வளரத் தூண்டும் புரதமான வி.ஈ.ஜி.எஃப். படையிலுள்ள தோல் செல்களே அதை மிகுதியாக உண்டாக்குகின்றன என்பது 1994-இல் காட்டப்பட்டது. வேலூர் வட்டாரத்தில் முதுநிலை ஆய்வேட்டுக்கு, இரத்தத்தில் அதன் அளவை நோயின் தீவிரத்தோடு ஒப்பிடும் இத்தலைப்பை எடுக்கும் மாணவர்கள் ஆண்டுதோறும் அதே இடங்களில்தான் தடுமாறுகிறார்கள். குழாயில் பெயர்ச்சீட்டு ஒட்ட மறப்பது போன்றவற்றை அவர்களே திருத்திக்கொள்வார்கள் என்பதால், அவற்றை விட்டுவிடுகிறேன்.

சீரத்தை யோசிக்காமல் அளப்பது

இரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் வி.ஈ.ஜி.எஃப்.-ஐத் தமக்குள் சேமித்து வைத்திருந்து, இரத்தம் உறையும்போது வெளியேற்றுகின்றன. ஆகவே சீரத்தில் (உறைந்த இரத்தத்திலிருந்து பிரியும் நீர்) கிடைக்கும் அளவு, பிளாஸ்மாவில் (உறையவிடாத இரத்தத்தின் நீர்ப்பகுதி) கிடைப்பதைவிடப் பன்மடங்கு உயர்ந்திருக்கக்கூடும். உறையவிடும் நேரம் நீள நீள அது ஏறும். ஒரு குழுவினர் நோயாளிகளின் இரத்தத்தை வெளிநோயாளர் பிரிவில் எடுத்து அரை மணி நேரத்தில் சுழற்றிப் பிரித்தார்கள். ஒப்பீட்டுக்கான நோயற்றவர்களின் இரத்தத்தையோ குடியாத்தம் பக்கத்து முகாமில் காலையில் எடுத்து, சித்திரை வெயிலில் வேனில் ஏற்றி, மாலையில்தான் ஆய்வகத்துக்குக் கொண்டுவந்தார்கள். நோயற்றவர்களுக்கே அளவு கூடுதலாக வந்தது. புரத அளவைக் காட்டும் எலிசா சோதனை கிட் சரியில்லை என்று முடிவுகட்டி, இன்னொன்று வாங்கி, உறைநிலையில் இருந்த அதே மாதிரிகளை மறுபடி உருக்கி அளந்தார்கள். பணம் போனதைவிட, நம்பிக் கை நீட்டியவர்களின் இரத்தம் வீணானதுதான் இன்றும் எனக்குக் கோபமூட்டுகிறது.

இரத்தம் உறைவதைத் தடுக்கும் இடிடிஏ கலந்த குழாயில் எடுத்து, எல்லோருக்கும் ஒரே கால அளவுக்குள், தட்டணுக்கள் எஞ்சாதபடி இருமுறை சுழற்றி, சிறு சிறு பங்குகளாகப் பிரித்து மைனஸ் 80 டிகிரியில் வையுங்கள். சீரம்தான் கையில் இருக்கிறது என்றால், உறையவிட்ட நேரத்தையும் தட்டணு எண்ணிக்கையையும் கட்டாயம் குறியுங்கள். கடும் அழற்சியில் தட்டணுக்கள் பெருகுவதுண்டு. அப்படியானால் நோய் கூடக் கூட வி.ஈ.ஜி.எஃப். கூடுகிறது என்ற முடிவு, தட்டணு எண்ணிக்கையின் நிழலாக மட்டுமே இருக்கலாம்.

பாசி மதிப்பெண்ணை ஆளுக்கொரு விதமாகப் போடுவது

பாசி (PASI) என்பது சொரியாசிஸின் தீவிரத்தைக் காட்டும் மதிப்பெண். அதற்குச் சிவப்பு, தடிப்பு, செதில் ஆகிய மூன்றுக்கும் 0 முதல் 4 வரை மதிப்பிட்டு, படை பரவிய பரப்பையும் சேர்த்து, மொத்தம் 72 வரை கணக்கிடுகிறோம். நம் மாநிறத் தோலில் சிவப்பு ஊதாவாகவோ பழுப்பாகவோ தெரிவதால், புதியவர்கள் குறைத்துப் போட்டுவிடுகிறார்கள். பயிற்சி பெற்ற ஒருவரே, ஆய்வக முடிவைப் பாராமல் எல்லோரையும் மதிப்பிட வேண்டும்.

மருந்து

நோயை அடக்கும் மெத்தோட்ரெக்சேட் மருந்து எடுப்பவரையும் எதுவும் எடுக்காதவரையும் ஒரே பட்டியலில் சேர்க்காதீர்கள்.

புகை, சர்க்கரை நோய்

கேட்டுக் குறியுங்கள்.

உடன் ஏறுவதைக் காரணமாக்குவது

பாசியும் வி.ஈ.ஜி.எஃப்.-உம் சேர்ந்து ஏறுவதால் ஒன்று மற்றதை உண்டாக்கியது என்றாகிவிடாது. சிகிச்சைக்கு முன்னும் பின்னும் அதே நோயாளியிடம் அளப்பது மேலானது என்றாலும், பலருக்குப் படை மார்கழிக் குளிரில் கூடி வெயில் காலத்தில் தணிவதால், முதல் மாதிரியை மார்கழியிலும் அடுத்ததைச் சித்திரையிலும் எடுத்துவிட்டு, வந்த மாற்றம் முழுவதையும் மருந்தின் கணக்கில் எழுதக் கூடாது.